நான்கு விரல் தள்ளி வைத்த அடுப்பு: கேரவன் கட்டித் தந்த நிறுவனத்துக்கு ஒரு புகார்

மதுரை
7.7.2025

பெறுநர்: மேலாளர் அவர்கள், வேன்களைக் கேரவனாக மாற்றிக் கட்டும் பிரிவு, கோயம்புத்தூர்.

பொருள்: எங்கள் வண்டியில் தாங்கள் பொருத்திய இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு, கருகிய பலகை, நொறுங்கிய கண்ணாடி மூடி. நான்காவது கடிதம், கடைசிக் கடிதமும் இதுதான்.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. மூன்றுமே பதிவுத் தபால், மூன்றின் ஒப்புகை அட்டையும் தங்கள் அலுவலக முத்திரையோடு என் மேசை டிராயரில் இருக்கின்றன.

அடுப்பைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்தது தாங்கள், பொருத்தியது தாங்கள், பக்கத்தில் அந்த மைக்கா ஒட்டிய பிளைவுட் பலகையை நிறுத்தியதும் தாங்கள். 6,80,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 2024 நவம்பரில் சாவியைக் கொடுத்தீர்கள். வாரண்டி ஒரு வருடம். இன்னும் எட்டு மாதம்கூட முடியவில்லை.

முதலில் தங்கள் சர்வீஸ் பிரிவில் போன் எடுக்கும் அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். "தோசை சுடவா சார் இவ்வளவு செலவு பண்ணி வண்டி கட்டினீங்க? கேரவன்னா காபி, நூடுல்ஸ், அவ்வளவுதான்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இன்னும் ஆறவில்லை. மின்வாரியத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். நள்ளிரவில் கரண்ட் போய்விட்டது என்று கெட்ட வார்த்தையில் திட்டியவர்களுக்குக்கூட "பார்க்கிறேன் ஐயா" என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பொங்கல் விடுமுறையில் கொடைக்கானல் போனோம். இரண்டாம் நாள் காலையிலேயே வலது பர்னர் பக்கத்துப் பலகையில் உள்ளங்கை அளவுக்கு டீக்கறை மாதிரி ஒரு பழுப்பு. துடைத்துப் பார்த்தோம், போகவில்லை. மாசி மாதம் ராமேஸ்வரம். அங்கே அந்த இடத்தில் மைக்கா அப்பளம் பொரிந்தது போல உப்பிக்கொண்டது. விரலால் தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். அன்று மாலையே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த பதில்: "ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம் சார்."

ஸ்டிக்கர் ஒட்டினால் சூடு அடங்கிவிடுமா? அடுப்பின் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே என் கையில் நான்கு விரல் இடம்தான் இருக்கிறது. டேப் வைத்து அளந்தேன், 7 சென்டிமீட்டர். அடுப்போடு வந்திருக்க வேண்டிய கையேட்டைத் தாங்கள் தரவே இல்லை. இரண்டு மாதம் கெஞ்சிய பிறகு அதில் ஒரு பக்கத்தை மட்டும் போட்டோவாக அனுப்பினீர்கள். எனக்கு எதிராகக் காட்டுவதற்காக அனுப்பிய பக்கம் அது. 20 சென்டிமீட்டருக்கு மேல் அகலமான பாத்திரம் வைக்கக் கூடாது என்று இருந்தது. பார்த்தேன். அதே பக்கத்தில் கீழே ஒரு படம் இருக்கிறதே, தங்கள் கண்ணில் படவில்லையா? மரச்சுவர் என்றால் 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொல்லி அம்புக்குறியே போட்டிருக்கிறார்கள்.

காற்றையும் யோசிக்கவில்லை. ஜன்னல் இடது பக்கம், பலகை வலது பக்கம். திறந்தால் காற்று தீயை நேராகப் பலகை மேல் சாய்க்கிறது. மூடி வைத்துச் சமைக்கலாம் என்றால் வண்டிக்குள் மூச்சு முட்டும், அது ஆபத்தும்கூட. திறந்தால் பலகை போச்சு, மூடினால் ஆள் போச்சு.

வால்பாறையில் நடந்ததை எழுதக் கை நடுங்குகிறது. மே மாதம், குடும்பத்தோடு ஆறு பேர். நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், ஒரு தேயிலைத் தோட்டத்து ஓரம் வண்டியை நிறுத்தி, வீட்டம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவதோ ஏழாவதோ தோசை. 'படார்' என்று ஒரு சத்தம். அடுப்புக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்திருந்த கண்ணாடி மூடி மொத்தமாக நொறுங்கிக் கொட்டியது. மாவுப் பாத்திரத்தில், சாம்பாரில், மெத்தையில் எல்லாம் கண்ணாடி. சின்னச் சின்னக் கட்டியாக, பார்க்கக் கல்கண்டு மாதிரி. நாலு வயதுப் பேத்தி கல்கண்டு என்றே நினைத்து எடுக்கப் போனாள். அவள் அம்மா பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள்.

சூடாக இருக்கும்போது மூடியிருப்போம் என்று தங்கள் தம்பி சொல்கிறார். மூடி நிமிர்ந்து நின்றபடியே உடைந்தது என்று எத்தனை முறை சொல்வது? மூடவே இல்லை. கொடைக்கானலில் ஒரு முறை அவசரமாக மூடினேன், ஒப்புக்கொள்கிறேன். அதுவும் அடுப்பை அணைத்து அரை மணி நேரம் கழித்து. சரி, இருபது நிமிடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திருகியைச் சொல்ல மறந்துவிட்டேன். பற்றவைத்ததும் பத்து நொடி அழுத்திப் பிடித்தால் தீ நிற்கும் என்று டெலிவரி அன்று காட்டினீர்கள். தீ அணைந்தால் கேஸ் தானாக நிற்க ஒரு சென்சார் இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது நாற்பது நொடி பிடித்தாலும் கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. வலது பக்கத் திருகியின் பிளாஸ்டிக் சூட்டில் இளகி, உள்ளே துளை தேய்ந்து வெறுமனே சுற்றுகிறது. கட்டிங் பிளேயர் வைத்துத் திருப்பிக் காபி போடுகிறோம். கேட்டால் "தேய்மானம், வாரண்டியில வராது." எங்கள் வீட்டு அடுப்புக்கு வயது 14. அதன் திருகி இன்னும் கல் மாதிரி நிற்கிறது.

ஜூன் 12-ம் தேதி காலை 11 மணிக்கு வண்டியோடு வரச் சொன்னீர்கள். ஒரு வழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி, ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீ, தாராபுரம் வழியாகப் பத்தே முக்காலுக்கு வந்து சேர்ந்தேன். "அடுப்பு பார்க்கிற ஆள் கல்யாணத்துக்குப் போயிட்டாரு" என்றார்கள். யார் கல்யாணம் என்று கேட்டேன். அவருடைய கல்யாணமாம்! முகூர்த்தத்தை முந்தின நாள்தானா குறித்தார்கள்? மூன்று மணி வரை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தண்ணீர் பாட்டில்கூட யாரும் நீட்டவில்லை. கடைசியில் ஒருவர் வந்து, அடுப்பை இறக்குமதி செய்தவர்களைக் கேட்கச் சொன்னார். அவர்களைக் கேட்டால், பொருத்தியதில்தான் கோளாறு, கட்டியவர்களைக் கேளுங்கள் என்கிறார்கள். இதுவரை 23 போன்.

ஊர் திரும்பி நானே அந்தப் பலகையைக் கழற்றினேன். பின்பக்கம் பிளைவுட் கரி. அதை ஒட்டி, கையளவு இடைவெளிகூட இல்லாமல், ஆரஞ்சு நிற கேஸ் குழாய். ஐந்து வருடம் தாங்க வேண்டிய குழாய், பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் மட்டும் காய்ந்து விறைத்து, மடக்கினால் கீறல் விடுகிறது. அது எங்காவது விரிசல் விட்டிருந்தால்? கேஸ் காற்றைவிட கனம், தரையோடு தேங்கும், நாங்கள் படுப்பதும் அதே தரையில். கசிந்தால் வெளியேற அடியில் ஓட்டை வைத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் ஓட்டையை நம்பிக் குடும்பத்தைப் படுக்க வைக்க முடியாது. சிலிண்டரைக் கழற்றி வீட்டு மொட்டை மாடியில் வைத்துவிட்டேன்.

இப்போது அந்தத் தோசைக்கு வருகிறேன். எங்கள் தோசைக்கல் 12 அங்குலம், இரும்பு, என் அம்மா புழங்கியது. வண்டி கட்டும்போதே அதைத் தூக்கிக்கொண்டு வந்து தங்கள் பட்டறையில் காட்டினோம். அடுப்புக்குக் கீழே செங்குத்தாக ஒரு அடுக்கு இருக்கிறதே, அது எதற்கு? அந்தக் கல்லைச் செருகி வைக்கத் தங்கள் தச்சர் அளவெடுத்துச் செய்தது. வளைவில் ஆடக் கூடாது என்று ரப்பர் பட்டையும் ஒட்டிக் கொடுத்தார், அருமையான மனிதர். பில்லில் "தோசைக்கல் ஸ்டாண்டு 1,800" என்று தங்கள் ஆளே எழுதியிருக்கிறார். ஸ்டாண்டுக்குக் காசு வாங்கிவிட்டு, தோசை சுடவா வண்டி என்று கேட்டால் என்ன அர்த்தம்?

நஷ்டத்தையும் எழுதிவிடுகிறேன். கண்ணாடி மூடி 4,200. வால்பாறையில் இரண்டு இரவு அறை வாடகை 5,600. கொட்டிய மாவு, சாம்பார், மெத்தை. கோவைக்கு வந்துபோன டீசல். கோடை முழுவதும் வீணானது, வீட்டம்மாவின் இரத்த அழுத்தம், இவையெல்லாம் தனி. மைத்துனர் வேறு வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மச்சான், தந்தூரி அடுப்பா போட்டீங்க?" என்று கேட்கிறார், அதற்கு என்ன விலை போடுவது என்று தெரியவில்லை. மொத்தம் 2,35,000 ரூபாய். கூடுதல் என்று தோன்றினால் பேசலாம், நான் பிடிவாதக்காரன் இல்லை.

தங்களிடம் பணிவோடு கேட்பது இதுதான். அடுப்பை 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். பலகைக்குப் பதில் பின்னால் இடைவெளி விட்டு ஸ்டீல் தகடு அடியுங்கள். குழாயை வேறு வழியாகக் கொண்டு போங்கள். மூடி, சென்சார், திருகிகள் புதிதாக வேண்டும். எல்லாம் மதுரைக்கே வந்து செய்து தர வேண்டும், நான் இனி அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்.

15 நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைப்பேன், அப்புறம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது, ஆகவே இந்த முறை தாங்கள்தான் ஒட்டன்சத்திரம் வழியாக வர வேண்டியிருக்கும். கட்டணம் 200 ரூபாய்.

இதையெல்லாம் நான் விரும்பவில்லை. வண்டியில் மற்ற வேலைகள் நன்றாகவே இருக்கின்றன. கட்டில், தண்ணீர்த் தொட்டி, சோலார் எதிலும் ஒரு குறை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் மதுரை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், போட்டோக்கள் 14, ஒப்புகை அட்டைகளின் நகல் 3.

பி.கு.: ஆள் அனுப்பினால் அந்தத் தச்சரை அனுப்புங்கள். கழற்றிய பலகையை அவர் பார்ப்பதற்காக அப்படியே வைத்திருக்கிறேன், ஸ்க்ரூக்கள் ஒரு டப்பாவில் இருக்கின்றன. போன் எடுக்கும் தம்பி வர வேண்டாம்.