முகூர்த்த நாளில் தண்ணீர் குடிக்காத என் அம்மாவுக்காக

எங்கள் சந்துக்கு அக்கம்பக்கத்திலுள்ள கல்யாண மண்டப, உணவக உரிமையாளர்களுக்கு,

வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருப்பவள் எழுதுகிறேன். உங்கள் அடுப்படி எண்ணெய் எங்கள் சாக்கடையை அடைக்கிற விஷயம் உங்களுக்குத் தெரியும். மூன்று வருடமாக நேரில் வந்து சொல்லிவிட்டேன். உங்கள் மேனேஜர்கள் மரியாதையாக உட்காரவைத்து, காபி கொடுத்து, "பார்த்துக்கலாம்க்கா" என்று அனுப்பிவைத்தார்கள். போன ஆவணி முகூர்த்தத்தன்று நடந்ததற்குப் பிறகு காபி குடிக்க வர எனக்கு மனமில்லை. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

ரோட்டுக்கு மேல் ரோடு போட்டு, எங்கள் வீடு தெருவுக்கு இரண்டு படி கீழே போய்விட்டது. பாதாளச் சாக்கடை அடைத்தால் முதலில் பொங்குவது எங்கள் குளியலறைதான். அன்றும் அப்படித்தான். மண்டபத்தில் இரண்டாம் பந்தி முடிந்து அண்டா கழுவுகிற நேரம், எங்கள் கழிப்பறை கொப்பளிக்கத் தொடங்கியது. அரை மணி நேரத்தில் சாம்பார் வாடையும் மல வாடையும் கலந்த தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. இருபது வருடமாகச் சர்க்கரை. இடது கால் பெருவிரலை எடுத்த இடம் இன்னும் ஆறவில்லை, தினமும் கட்டு மாற்றுகிறோம். புண்ணில் அழுக்குத் தண்ணீர் படவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அவளைக் கட்டிலில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, நானும் என் மகனும் பழைய சேலைகளைச் சுருட்டி வாசற்படியில் அணை கட்டினோம். ஒரு மணி வாக்கில் அம்மா ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். எங்கே கூட்டிப் போவது? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடியாமல் அழுதுவிட்டாள். பிறகு நாற்காலியோடு தூக்கி மாடி வீட்டுக்குக் கொண்டுபோனோம்.

அதற்குப் பிறகு ஒன்றைக் கவனித்தேன். தினசரி காலண்டரில் அம்மா முகூர்த்த நாள் பார்க்கிறாள். முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். மாத்திரை விழுங்க ஒரே ஒரு மடக்கு. ஏனென்று கேட்டால், "நாளைக்கு முகூர்த்தம்டி" என்கிறாள்.

அய்யா, அம்மா, இதை நீங்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடைப்பெடுக்கும் வண்டி எங்கள் சந்துக்குள் நுழையாது. தொழிலாளிகள் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தித்தான் எடுத்தார்கள். வெளியே வந்தது வெள்ளை வெளேரென்று மெழுகு போல ஒரு கட்டி. அதற்குள் சோறு, வாழை இலை நரம்பு, எலுமிச்சைத் தோல். "இது வீட்டுக் கழிவு இல்லக்கா, பெரிய அடுப்படி எண்ணெய்" என்றார் அவர்களில் ஒருவர். சூடாகப் போகிற எண்ணெயும் நெய்யும் கறிக் கொழுப்பும் குழாயில் ஆறியதும் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. வெந்நீரும் சோப்பும் ஊற்றினால் உங்கள் வாசலைத் தாண்டும், அவ்வளவுதான். நாலு வீடு தள்ளி எங்களிடம் வந்து உறையும்.

சட்டம் புதிதல்ல. பொதுச் சாக்கடையில் விடும் கழிவுநீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவு. ஏறக்குறைய ஒரு லிட்டருக்கு ஒரு சொட்டு. நீங்கள் சட்டியோடு கவிழ்க்கிறீர்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாத்திரம் கழுவும் இடத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் எண்ணெய் பிரிக்கும் தொட்டி கட்டுங்கள். வாரம் ஒருமுறை அதை வழித்தெடுங்கள். நடுவில் தடுப்பு வைத்த ஒரு தொட்டி, அதற்கு மேல் ஒன்றுமில்லை. தண்ணீர் நிதானமாகப் போகும்போது கொழுப்பு மிதக்கும், சோறு அடியில் தங்கும், நடுத் தண்ணீர் மட்டும் வெளியேறும். பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கொட்டவே வேண்டாம். பயோடீசலுக்கு அதை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. ஒரு நாளைக்குப் பொரிக்க 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிக்கிற கடைகள் அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. ஒரு கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கும் வாடகையில் இந்தத் தொட்டிக்கு எவ்வளவு ஆகிவிடும்?

எங்கள் மேலும் தப்பு உண்டு. நாப்கினையும் கிழிசல் துணியையும் கழிப்பறைக் கோப்பையில் போடுகிற வீடுகள் எங்கள் சந்திலும் இருக்கின்றன. மொட்டைமாடி மழைத்தண்ணீரைச் சாக்கடையில் சேர்த்துவிட்டவர்களும் உண்டு. வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டு வருகிறேன். இந்த ஊரே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எதையும் தள்ளிவிடலாம் என்று பழகிவிட்டது. கிருதுமால் நதி என்று ஒன்று இருந்ததை இன்று சாக்கடையாகத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட முடிகிறது. அயன் பாப்பாக்குடி கண்மாயில் நுரை பொங்கி ரோட்டுக்கே வந்தது. 2022 ஏப்ரலில் பழங்காநத்தம் நேரு நகரில் கழிவுநீர்க் கிணற்றில் மோட்டாரைச் சரிசெய்யப் போன மூன்று பேர் விஷவாயுவில் செத்துப்போனார்கள். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம் என்று 2013-லேயே சட்டம் வந்த பிறகும்! நாம் எதைக் கொட்டினாலும் கடைசியில் அதன் முன்னால் நிற்பது ஒரு மனிதன்தான். எங்கள் சந்தில் பிளாச்சு பிடித்தவருக்குக் கையுறைகூட இல்லை.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் கெட வேண்டும் என்று நினைப்பவள் இல்லை. என் கல்யாணமே உங்களில் ஒருவருடைய மண்டபத்தில்தான் நடந்தது. கேட்பது அந்தத் தொட்டியை மட்டும்தான். ஏற்கெனவே கட்டியிருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள், வழித்து எத்தனை மாதம் ஆகிறதென்று தெரியும்.

ஐப்பசி முதல் முகூர்த்தத்துக்குள் செய்துவிட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அன்று காலையில் அம்மாவிடம் அதைச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பின்சந்தில் குடியிருப்பவள்