கடைசி வீட்டுப் பெடியன்

அன்பு மகனுக்கு,

போன் எடுத்தால் "வேலையில நிக்கிறன் அம்மா, பிறகு எடுக்கிறன்" என்கிறாய். பிறகு எடுக்கிறதே இல்லை. அதாலதான் எழுதுறன். கடிதத்தை இடையில கட் பண்ண ஏலாது.

அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கு. பத்திரகாளி கோயிலில உன்ர பேருக்கு அர்ச்சனை செய்தனான். வேற புதினம் இல்லை, கடைசி வீட்டுப் பெடியனைத் தவிர.

ஐஸ், அதுதான் மெதம்பெட்டமின் எண்ட போதைச் சாமான். தாய் முதல்ல கஞ்சா எண்டுதான் நினைச்சிருக்கிறா. கஞ்சா அடிச்சவன் கண் சிவந்து சோம்பிக் கிடப்பான், பசி எண்டு சட்டியை வழிப்பான். இவன் நித்திரையே இல்லாமல் விடிய விடிய மோட்டச்சைக்கிளைக் கழட்டிக் கழட்டிப் பூட்டினவனாம். சாப்பாடு வேண்டாம். கையில பூச்சி ஊருது எண்டு சொறிஞ்சு எல்லாம் புண். எச்சில் வத்தி, பல்லை நெரிச்சு நெரிச்சு முன்பல்லுக் கறுத்துப்போச்சு. கடைசியா, தாய் சோத்துக்குள்ள நஞ்சு போடுறா எண்டு நிண்டான். அவவைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, உனக்கும் பிட்டு அவிச்சுத் தந்தவ.

நான் ஆஸ்பத்திரி வாட்டில நிண்ட காலத்தில சாராயமும் ஹெரோயின் தூளும்தான் கண்டனான். தூள் மூச்சை அடக்கும். அதோட நித்திரைக் குளிசையும் போட்டால் விடிய ஆள் இல்லை. ஐஸ் மற்றப் பக்கம். நெஞ்சு படபடக்கும், பிரஷர் ஏறும், உடம்பு கொதிக்கும். தாத்தாவுக்கு வயசு போய் வந்த பாரிசவாதம் இவங்களுக்கு இளந்தாரி வயசிலேயே வரலாம். அம்மம்மா 1942இல சீனன்குடாவில யப்பான்காரன் குண்டு போட்ட கதை சொல்லுவாவே, இந்தச் சாமானையும் முதன்முதல் 1893இல யப்பானிலதான் செய்தது. சண்டைக் காலத்தில நித்திரை வராமலிருக்கப் படைக்குக் குடுத்தவங்கள். எங்கட பெடியளுக்கு என்ன சண்டை?

அவனுக்கும் "இரவு வேலைக்கு முழிச்சிருக்கலாம்" எண்டு சொல்லித்தானாம் முதல் குடுத்தது. உனக்கும் இரவு வேலை. பிளேன்டீ குடி. பகலில யன்னலை மூடிப்போட்டுப் படு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னில எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கட ஒழுங்கையில முதல் கம்பஸ் போன பிள்ளை நீ. மீன்காரனுக்குக் கூட இன்னும் அதைச் சொல்லுறன். ஆனா அக்காட பிள்ளையின்ர பிறந்தநாளுக்கு வீடியோவில வந்தாயே, கேக் வெட்டி முடியுமட்டும் தாடையை அரைச்சுக்கொண்டே இருந்தாய். வாயில ஒண்டும் இல்லை. நான் தைச்சுத் தந்த சேட் கழுத்தில தொளதொளத்துக் கிடந்தது. விடியப்புறம் பார்த்தாலும் வாட்சப்பில ஒன்லைன். வேலை எண்டுவாய். ஞாயிறும் வேலையோ? நேரத்துக்குச் சாப்பிடு.

அந்தத் தாய்க்குச் சொன்னதை உனக்கும் சொல்லுறன். விட்டால் முதல் கொஞ்ச நாள் அடிச்சுப் போட்ட மாதிரி நித்திரை, அகோரப் பசி. பிறகு ஒண்டிலயும் மனம் ஒட்டாது. அது அவன் கெட்டவன் எண்டதால இல்லை. மூளையில சந்தோசத்துக்கு டோபமின் எண்டு ஒண்டு இருக்கு. நாளைக்குரிய சந்தோசத்தையும் ஈடு வைச்சு ஒரே இரவில எடுத்த மாதிரித்தான் ஐஸ். மீட்க மாதக்கணக்காகும். இதை நிப்பாட்ட எண்டு தனிக் குளிசை இல்லை. நித்திரை, சாப்பாடு, கதைக்க ஆள், மனநல டொக்டர். அந்த வெறுமைக்குள்ள சாகிற எண்ணமும் வரும், தனிய விடக்கூடாது. 1926 எண்ட மனநல இலக்கத்தை அவவுக்குக் குடுத்தனான். நீயும் போனில போட்டு வை, சிநேகிதர் ஆருக்கும் தேவைப்படும்.

வெள்ளி இரவு பஸ் எடுத்தால் விடிய அநுராதபுரச் சந்தியில இறங்கலாம், அப்பா வந்து ஏத்துவார். அவருக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. நீயும் ஒண்டும் சொல்ல வேண்டாம், வந்து படு. லீவு தராட்டி நான் வெள்ளவத்தைக்கு வாறன். அறைத் திறப்பில ஒண்டைக் கீழ்வீட்டுக்காரரிட்டக் குடுத்து வை.

அம்மா