பின்சக்கரங்களை நேராக்கித் தந்த கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே,

1990ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பின்சக்கர அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது) முடிந்துவிட்டது. இரு பக்கமும் கேம்பர் (சக்கரத்தின் செங்குத்துச் சாய்வு; மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 1.5 டிகிரி, டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பி நிற்பது) பக்கத்துக்கு 1.5 மி.மீ. வீட்டு ஷெட்டில் இந்த அளவு கிடைத்தது உங்களால்தான். யார் என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை.

முதல் நன்றி லேத் பட்டறை அண்ணனுக்கு. இந்தக் காரில் பின்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே தாங்கும் கை) ஒவ்வொன்றும் உள்பக்கத்தில் இரண்டு கேம் போல்ட்டுகளில் (திருப்பினால் ஆர்மை உள்ளே வெளியே நகர்த்துபவை) நிற்கிறது. இங்கிலாந்துச் சாலைகளில் குளிர்காலத்தில் தூவும் உப்பு உள்ளே இறங்கி, போல்ட்டை புஷ்ஷின் (ஆர்ம் முனையில் இருக்கும் ரப்பர் உறை) இரும்புக் குழாயோடு ஒட்ட வைத்துவிடும். நட்டைத் தளர்த்திவிட்டு போல்ட் தலையைக் கொஞ்சம் திருப்பினீர்கள். கையை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே துள்ளித் திரும்பியது. "போல்ட் சுத்தல, ரப்பர்தான் முறுக்குது" என்றீர்கள். அதோடு நிறுத்தியதால்தான் தலை முறியாமல் தப்பியது. கேஸ் வைத்துச் சூடாக்கவும் நீங்கள் விடவில்லை. பெட்ரோல் டேங்க் இருக்கைகளுக்குப் பின்னால், அதே பகுதிக்கு மேலேதான் இருக்கிறது. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ரம்பத்தை விட்டு இரு பக்கமும் அறுத்து எடுத்தீர்கள். புதிய போல்ட், கேம் தட்டு, நட்டு, புஷ் எல்லாம் போட்டு, போல்ட் தண்டு முழுக்க காப்பர் கிரீஸ் தடவியாயிற்று. அடுத்த முறை ரம்பம் தேவைப்படாது.

டைல்ஸ் பதிக்கும் பக்கத்து வீட்டு ஐயாவுக்கு அடுத்த நன்றி. ஷெட் தரை கண்ணுக்குச் சமமாகத்தான் தெரிந்தது. உங்கள் டியூப் லெவல் (தண்ணீர் நிறைத்த மட்டக்குழாய்) இடது வலது பின்சக்கரங்களுக்கு இடையே 6 மி.மீ. வித்தியாசம் காட்டியது. கேம்பரில் அது ஏறக்குறைய கால் டிகிரி, சும்மா விடக்கூடிய அளவல்ல. நான்கு சக்கரத்துக்கும் அடியில் இரண்டிரண்டு டைல் வைத்து, தாழ்ந்த பக்கத்துக்குத் தகடு கொடுத்துச் சமமாக்கினீர்கள். பின்சக்கரங்களில் டைல்களின் வழவழப்பான முகங்களை எதிரெதிராக வைத்து, நடுவில் கிரீஸ் பூசச் சொன்னது அதைவிடப் பெரிய உதவி. கேமைத் திருப்பும்போது டயர் தரையைப் பிடித்துக்கொண்டால் அளவு பொய்யாகிவிடும். கிரீஸ் டைலில் அது தானாக நகர்ந்து கொடுத்தது.

தூண்டில் நரம்பு தந்த தம்பி, பருத்தி நூல் தொய்ந்து ஏமாற்றிய இடத்தில் உன் நரம்பு விறைப்பாக நின்றது. ஒவ்வொன்றிலும் 1.9 மீட்டர் இடைவெளியில் இரண்டு வெட்டுப் போட்ட இரண்டு குழாய்கள், காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று; காரின் இரு பக்கமும் இணையாக ஓடும் நரம்பு சக்கர மையத்தின் உயரத்தில். முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதி) நரம்புக்கு இடமும் வலமும் ஒரே தூரம் வரவேண்டும்; பின் ஹப்பிலும் அப்படியே. முன் ஹப் தூரமும் பின் ஹப் தூரமும் ஒன்றாக இருக்காது, பின்சக்கரங்கள் சற்று அகலமாக நிற்பதால். இதைச் சரிசெய்யப் போய் நரம்பைக் கோணலாக்குகிறவர்கள் நிறையப் பேர்.

வெர்னியரும் நோட்டுமாகக் கூடவே நின்ற தங்கைக்கும் நன்றி. டயரில் காற்று 26 பிஎஸ்ஐ, ஓட்டுநர் இருக்கையில் 20 கிலோ மணல் மூட்டை நான்கு, பழைய கேம் நிலைக்குப் பெயின்ட் கோடு என்று ஒன்றும் விடாமல் எழுதிவைத்தாய். ரிம்மின் முன் விளிம்பு பின் விளிம்பைவிட நரம்பிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி இருந்தால் அது டோ-இன். ரிம் வளைந்திருக்கலாம் என்று சக்கரம் அரைச் சுற்று சுழலும் அளவுக்குக் காரை உருட்டி மறுபடி அளந்து, சராசரி எடுக்கச் சொன்னதும் நீதான். கேம்பருக்குத் தூக்குக்குண்டு போதுமானதாக இருந்தது: ரிம்மின் 380 மி.மீ. உயரத்தில் மேல் விளிம்பு 10 மி.மீ. உள்ளே சாய்ந்தால் ஒன்றரை டிகிரி.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக வரிசையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் கேம்பர்: இரண்டு கேமையும் சேர்த்து வெளியே தள்ளினால் நெகட்டிவ் கூடும். பிறகு டோ: பின் கேம் வெளியே போனால் டோ-இன், முன் கேம் வெளியே போனால் டோ-அவுட் (சக்கரத்தின் முன்பக்கம் வெளியே திரும்பி நிற்பது). ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். மூன்று நான்கு சுற்று வேண்டியிருக்கும். பின்சக்கரத்தில் டோ-அவுட் விட்டுவிடாதீர்கள், வளைவில் கார் பின்பக்கம் வழுக்கும். இரு பக்க டோவும் ஒன்றாக இல்லையென்றால் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். கடைசி இறுக்கம் கார் தன் எடையில் நிற்கும்போதுதான், பட்டறைக் கையேட்டின் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்). சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் நிரந்தர முறுக்கில் இருந்து கிழிந்துபோகும்.

200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளையும் பெயின்ட் கோடுகளையும் இன்னொரு முறை பார்ப்போம். அடுத்த சனிக்கிழமை முன்சக்கரம். ஐயா, டியூப் லெவல் அதுவரை எங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஷெட்டில் இருக்கும் இருவர்