பாப்பாவுக்கு, ரிப்போர்ட் பார்த்த பிறகு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஏற்காட்டிலிருந்து சித்தப்பா காப்பித்தூள் கொடுத்தனுப்பினார். அம்மாபேட்டை வீட்டு விஷயம் இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன்.

உன் முடக்குவாதத்துக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியது, வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டால் எடுப்பதில்லை, 'மீட்டிங்ப்பா' என்று ஒரு மெசேஜ். புனேயில் உனக்கு எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்பிவிட்டு இப்படிப் பேசாமல் இருந்தால் நான் என்னவென்று நினைப்பது கண்ணு? போனில் பேச முடியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஈ.எஸ்.ஆர். 62 என்று பார்த்ததும் பயந்திருப்பாய். போன தடவை 28. சின்ன வயதில் பெரியாஸ்பத்திரி லேபில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறாய், ஞாபகம் இருக்கும். நாலு பங்கு ரத்தம், அது உறையாமலிருக்க ஒரு பங்கு சிட்ரேட், 200 வரை கோடு போட்ட கண்ணாடிக் குழாய், ஸ்டாண்டில் நட்டுக்குத்தாக ஒரு மணி நேரம். ஸ்வீடன்காரர் வெஸ்டர்கிரன் 1921இல் எழுதிவைத்த முறை, இன்றைக்கும் அதுதான் அளவுகோல். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்பதுதான் அந்த எண். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்கிற புரதம் கூடும். சிவப்பணுக்கள் காசு அடுக்கின மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். குழாய் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே எண் ஏறிவிடும். சூட்டிலும் ஏறும். சித்திரை வெயிலில் அந்த ஸ்டாண்டை ஜன்னல் பக்கம் வைக்க நான் யாரையும் விட்டதில்லை. ரத்தசோகையில் ஏறும், காய்ச்சலில் ஏறும், வயதானால் ஏறும், பிள்ளையுண்டானாலும் ஏறும். அதனால் இந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உன் மூட்டு எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

அழற்சியைக் காட்டுகிற இன்னொரு ரத்தப் புரதம் சி.ஆர்.பி. அதைத்தான் நான் அதிகம் நம்புவேன். அழற்சி தொடங்கிய சில மணி நேரத்தில் ஏறும், அடங்கினால் சில நாளில் இறங்கிவிடும். ஈ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும். ஆனால் அதில் முதலில் யூனிட்டைப் பார். பழைய லேப் டெசிலிட்டர் கணக்கில் 0.6 என்று கொடுத்திருந்தது. இந்த லேப் லிட்டர் கணக்கில் 24 என்று கொடுத்திருக்கிறது. 0.6ஐப் பத்தால் பெருக்கு, 6. ஆக 6 இருந்தது 24 ஆகியிருக்கிறது. நாற்பது மடங்கு ஏறிவிட்டது என்று ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு கிடக்காதே. நாலு மடங்குதான். அதையும் சும்மா விடக்கூடாது.

ஆர்.ஏ. ஃபேக்டரை மறுபடி எதற்கு எடுத்தாய்? அது, ஆன்ட்டி சி.சி.பி. இரண்டு டெஸ்ட்டும் முடக்குவாதம்தானா என்று கண்டுபிடிக்கிற கட்டத்துக்கு. ஒரு தடவை பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு அது ஏறினதா இறங்கினதா என்று பார்த்து மருந்தை மாற்றுவதில்லை. அந்தக் காசு வீண். ஹீமோகுளோபின் 10.2 ஆகியிருக்கிறதே என்று நீயாகக் கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிப் போடாதே. அழற்சியாலேயே அது குறையும், இரும்பு போட்டு ஏறாது. எதனால் குறைந்தது என்று டாக்டர் பார்க்கட்டும்.

இதெல்லாம் எனக்குப் பெரிய கவலை இல்லை. கல்லீரல் எண் எஸ்.ஜி.பி.டி. 19 என்று இருக்கிறது, அதுதான் உறுத்துகிறது. வாரம் ஒருமுறை நீ போடுகிற ஞாயிற்றுக்கிழமை மாத்திரை, மெத்தோட்ரெக்ஸேட், கல்லீரல் எண்ணை ஏற்றக்கூடியது. அதை ஆரம்பித்ததிலிருந்து எஸ்.ஜி.பி.டி. 45க்கும் 50க்கும் நடுவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. இறங்கினது நல்லதுதான். ஆனால் மூட்டு எண்கள் ஏறுகிற நேரத்தில் கல்லீரல் எண் மட்டும் இறங்கினால், லேபிலேயே காலம் கழித்தவனுக்கு ஒன்றுதான் தோன்றும். பொங்கலுக்கு வந்தபோது மூக்குக் கண்ணாடி தேடினேன், அப்போது உன் பையில் அந்த மாத்திரையோடு கூடக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் அட்டை மட்டும் கண்ணில் பட்டது. நான் துருவிப் பார்க்கவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் நாலு பக்கம் என்று போட்டிருக்கிறது, எனக்கு வந்தது மூன்று. மூன்றாம் பக்கம் இல்லை. அனுப்ப மறந்திருப்பாய். மறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை சாமி.

உங்கம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது.

எங்கள் லேபுக்கு ஆத்தூரிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்துகொண்டிருந்தார்கள். உனக்கு இருக்கிற அதே முடக்குவாதம். அவர்களும் மெத்தோட்ரெக்ஸேட்தான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து, பிள்ளை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் நேராகவே போய்ச் சொன்னார்கள். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கும் என்பதால் அதை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார் டாக்டர். வெறுமனே நிறுத்தவில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் மாற்றிக் கொடுத்தார், அவற்றை அந்தச் சமயத்திலும் சாப்பிடலாம். எண்களெல்லாம் அடங்கி நிலைக்கிற வரைக்கும் காத்திருக்கச் சொன்னார். நோய் அடங்கியிருக்கும்போது உண்டானால் தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. அந்தப் பையன் இப்போது என்னை ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். ஏனோ இப்போது ஞாபகம் வந்தது, எழுதினேன்.

நீயாக எதையும் நிறுத்தாதே. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. எந்தத் தேதியிலிருந்து சாப்பிடவில்லை என்று அவருக்குத் தெரியாவிட்டால், மருந்து பலிக்கவில்லை என்று நினைத்து இன்னும் பலமான மருந்துக்குப் போய்விடுவார். திட்டினால் திட்டட்டும். எனக்குச் சொல்லாவிட்டாலும் அவரிடம் சொல்.

எட்டாவது படிக்கும்போதே எல்லா முடிவும் நீதான் எடுப்பாய். குரூப் எடுத்தது, வேலைக்குப் போனது, மாப்பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்தது, எதிலும் நீ தப்பவில்லை. விரல் வீங்கிப்போய் ஆறு மாதம் வலது கையால் சரியாக டைப் அடிக்க முடியாமல், அப்படியும் பிரமோஷன் வாங்கினாயே, அதைக் கோட்டை மாரியம்மன் கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்தப் பிள்ளைதான் அப்பனிடம் ஒரு வார்த்தை பேசாமல் ரிப்போர்ட்டை மட்டும் அனுப்புகிறாய்.

பெரியம்மா கையை நீ பார்த்திருக்கிறாய். இதே நோயைச் சரவாங்கி என்று சொல்லி எண்ணெய் தேய்த்துத் தேய்த்தே காலத்தை ஓட்டிவிட்டார்கள். விரல்களெல்லாம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, கடைசியில் டம்ளர்கூடப் பிடிக்க முடியவில்லை. இப்போது மருந்து இருக்கிறது. சீக்கிரம் அடக்கினால் மூட்டு தேயாமல் காப்பாற்றலாம். நடுவில் விட்டால் தேய்ந்த எலும்பு திரும்பி வராது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நீயாக எதையும் நிறுத்தாதே.

டாக்டரிடம் போகிறபோது ரிப்போர்ட்டோடு ஒரு தாளும் எடுத்துப் போ. காலையில் எழுந்த பிறகு விறைப்பு விட எத்தனை நிமிஷம் ஆகிறது, எந்தெந்த விரல் வீங்குகிறது, என்னென்ன மாத்திரை நிஜமாகவே சாப்பிடுகிறாய், எல்லாம் எழுது. அவர் 28 மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறது எத்தனை, வீங்கியிருக்கிறது எத்தனை என்று எண்ணிவிட்டுத்தான் ரத்த எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போடுவார். 62ஐ மட்டும் பார்த்து முடிவு செய்யமாட்டார், நீயும் செய்யாதே. மாப்பிள்ளையையும் கூட்டிப் போ, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். கேட்க வேண்டியதை எல்லாம் கேள், வெட்கப்படாதே.

மாவு பிசைகிறது, துணி பிழிகிறது எல்லாம் இப்போது வேண்டாம். நான் வந்தால் அதையெல்லாம் பார்த்துக்கொள்வேன். சூரமங்கலத்தில் டிக்கெட் விசாரித்துவிட்டேன், வர ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் இருக்கிறது. வரட்டுமா வேண்டாமா என்று மட்டும் சொல். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அன்புடன்,
அப்பா