ஏழு சின்ன எண் இல்லடி

தண்டையார்பேட்டை,
மே 18.

அன்புள்ள சாந்தி,

நாலு மாசமா நான் ஒரு வரிகூட எழுதல. கோவம் இருந்தா நேர்ல வந்து தீத்துக்கோ. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மா முட்டிவலியோடயே மாடிப்படி ஏறிக்கிட்டு இருக்காங்க. குண்டுமல்லி பொண்ணுக்கு வளைகாப்பு முடிஞ்சுது. வத்தல் போட்டு வச்சிருக்கேன், உனக்கு ஒரு கிலோ தனியா. ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

கனடாவுல, கல்கரியில இருக்கிற உன் பொண்ணு நித்யா வீட்டுக்குக் கிளம்பறதைப் பத்தி நேத்து நீ அனுப்பின ஆடியோவை மூணு தடவை கேட்டேன். "காட்டுத்தீப் புகை, புகைன்னு நித்யா பயமுறுத்தறா, ஆனா அங்க எண்ணு வெறும் 7 தானாம். மணலியில 150-ஐயே பாத்தவங்க நாம"ன்னு சிரிக்கிறே. அந்தச் சிரிப்பைக் கேட்டுட்டு எனக்குத் தூக்கம் வரல. போன்ல சொன்னா பாதியிலயே நகைக்கடைக்குத் தாவிடுவே, அதான் எழுதறேன். இதை மடிச்சு பாஸ்போர்ட்டோட வச்சுக்கோ.

அந்த 7-ம் நம்ம 150-ம் ஒரே அளவுகோல் இல்ல. கனடாவோட காற்றுத்தர சுகாதாரக் குறியீடு 1-லேர்ந்து 10 வரைக்கும்தான். 1-3 குறைவு, 4-6 நடுத்தரம், 7-10 அதிகம். அதுக்கும் மேல போனா 10+னு போட்டு நிறுத்திடுவாங்க. பத்து படி இருக்கிற ஏணியில ஏழாவது படிடி அது. நீங்க போற கெலோனா இருக்கிற பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல புகை நாள்ல கணக்கு இன்னும் எளிசு. ஒரு கன மீட்டர் காத்துல அந்த ஒரு மணி நேரம் எத்தனை மைக்ரோகிராம் நுண்துகள் இருந்துதுன்னு பாத்து, பத்துக்கு ஒரு படி ஏத்துவாங்க. 7-ன்னா 61-லேர்ந்து 70 மைக்ரோகிராம். 100-ஐத் தாண்டினா 10+. உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன வரம்பு, ஒரு நாள் சராசரிக்கு 15. நம்ம நாட்டு வரம்பு 60. அதனாலதான் 60 மைக்ரோகிராம் இருக்கிற காத்துக்கு நம்ம குறியீடு 100 போட்டு "திருப்திகரம்"னு சொல்லுது. அதே காத்து அமெரிக்க ஆப்புல 150-ஐத் தாண்டி சிவப்புல நிக்கும். காத்து ஒண்ணுதான், பூசற சாயம்தான் வேற.

நம்ம குறியீட்டுல இன்னொரு சிக்கல், அது 24 மணி நேர சராசரி. காட்டுத்தீப் புகை ரெண்டு மணி நேரத்துல வந்து மூடிடும், சராசரி அசையறதுக்குள்ள பேரன் நெஞ்சுல வீஸிங் சத்தம் கேக்க ஆரம்பிச்சுடும். அங்க இருக்கிறப்போ மணிக்கு மணி வர எண்ணை மட்டும் பாரு. எந்த ஆப்பைத் திறந்தாலும் முதல்ல அது எந்த நாட்டு அளவுகோல்னு பாரு, அப்புறம் எண்ணைப் பாரு.

"நாம எண்ணூர் காத்துலயும் கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகையிலயும் வளந்தவங்க, பழகிடுச்சு"ன்னு சொன்னியே, அதுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோவம். பழகறது மூக்குதான், நுரையீரல் பழகாது. தலைமுடியோட தடிமன்ல முப்பதுல ஒரு பங்குகூட இல்லாத துகள் அது. நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போகும், அங்கேர்ந்து ரத்தத்துல அழற்சியைக் கிளப்பும், ரத்தம் உறையற போக்கைக் கூட்டும். அண்ணன் நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கு, சாந்தி. அஞ்சு வயசுப் பேரனுக்கு ஆஸ்துமா. வண்டியில போற அஞ்சு பேர்ல ரெண்டு பேர், எல்லா எச்சரிக்கையிலயும் முதல் வரியில வரவங்க. போகிப் புகை ஒரு காலையோட போயிடும். 2018 போகி அன்னிக்கு மீனம்பாக்கத்துல விமானமே இறங்க முடியாம போச்சு, ஆனா அதுவும் மத்தியானத்துக்குள்ள தெளிஞ்சுது. காட்டுத்தீப் புகை வாரக்கணக்குல உக்காரும். 2023-ல கனடாவுல எரிஞ்சது சுமார் 1.5 கோடி ஹெக்டேர். நம்ம தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடிதான். அந்த ஜூன் மாசம் கியூபெக் புகை போய் நியூயார்க் வானமே ஆரஞ்சுக் கலரா நின்னுது. "தீ எங்கயோ எரியுது"ங்கறது ஆறுதல் இல்ல.

போகாதேன்னு சொல்ல வரல. கல்கரிக்குக் கண்டிப்பா போ, பொண்ணோட இரு. என் பேச்சு, ஆகஸ்ட் முதல் வாரம் நீங்க போட்டிருக்கிற அந்த ஆறு நாளைப் பத்தித்தான். பான்ஃப், ஜாஸ்பர், கெலோனாங்கற மலைப்பக்கத்து ஊர் மூணும். ஜூலை கடைசியிலேர்ந்து செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும்தான் அந்தப் பக்கம் புகை அதிகமா வர காலம். நீங்க சரியா அதுக்கு நடுவுல போய் உக்காந்திருக்கீங்க. ரெண்டு மாசம் தங்கறீங்க இல்ல? மலைப் பயணத்தை செப்டம்பர் நடுவுக்குத் தள்ள முடியுமான்னு நித்யாவை இன்னிக்கே கேளு. அப்போ ராத்திரி குளிரும், மழையும் எட்டிப் பாக்கும், தீ அடங்கும். உத்தரவாதம் இல்ல, ஆனா வாய்ப்பு ரொம்ப நல்லா இருக்கும். இதைச் செஞ்சா என் பாதிக் கவலை தீந்துடும்.

நித்யாவுக்கு லீவு ஆகஸ்ட்லதான்னா, அப்போ முடிவை இப்போ எடுக்காதே, கடைசியில எடுக்கிற மாதிரி டிக்கெட்டையும் ரூமையும் அமைச்சுக்கோ. பணம் திரும்பக் கிடைக்கிற ரூமா போடு, கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்ல. ஒவ்வொரு ரூமுக்கும் ரத்து செய்ய எது கடைசி நாள்னு காலண்டர்ல வட்டம் போடு. மக்களை வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தா பெரும்பாலும் பணம் தருவாங்க. வெறும் புகைன்னா தரமாட்டாங்க, "ரூம் திறந்துதானே இருக்கு"ம்பாங்க. இன்ஷூரன்ஸும் அதே கதைதான், தீ செய்தியில வந்ததுக்கு அப்புறம் வாங்கினா அந்தத் தீக்கு அது உதவாது. திருச்சியிலேர்ந்து கிளம்பறதுக்கு முன்னாடியே எடு. அண்ணன் ஸ்டென்ட்டை மறைக்காம எழுது, "முன்பே இருந்த நோய்"ங்கற பகுதியை வரி வரியா படி.

கிளம்பப் பத்து நாள் இருக்கிறப்போ புகை வரைபடத்தைப் பாக்காதே, தீ வரைபடத்தைப் பாரு. மேற்குலயும் வடமேற்குலயும் பெரிய தீ ஏதாவது கட்டுக்குள்ள வராம எரியுதான்னு பாரு. ஆளில்லாத காட்டுல பிடிச்ச பெரிய தீயை மனுஷன் அணைக்கறதில்ல, மழையோ பனியோதான் அணைக்கணும். அப்படி ரெண்டு மூணு இருந்தா அந்த மாசம் முழுக்கப் புகை விட்டுவிட்டு வரும்னு வச்சுக்கோ. மூணு நாள் இருக்கிறப்போ ஃபயர்ஸ்மோக் கனடா தளத்துல புகை முன்னறிவிப்பைப் பாரு. ரெண்டு மூணு நாளைக்குத்தான் அது சொல்லும், அதுக்கு மேல யாரு சொன்னாலும் நம்பாதே. தொடர்ந்து ரெண்டு நாள் 7 அல்லது அதுக்கு மேலன்னா பயணத்தை விட்டுடு. 4-லேர்ந்து 6-ன்னா போகலாம், ஆனா அண்ணனும் பையனும் ஏரிக்கரையில அரை மணி நேரம், மலையேற்றம் கிடையாது. 3-க்குள்ளன்னா ஆசை தீர நடங்க.

விடிகாலையில காத்து சுத்தமா இருக்கும்ங்கறது நம்ம கடற்கரை நடைப் பழக்கம். மலைப் பள்ளத்தாக்குல அது தலைகீழ். ராத்திரி குளிர்ந்த காத்து கீழ இறங்கும், மேல வெதுவெதுப்பான காத்து மூடி போட்ட மாதிரி நிக்கும், புகை பூரா பள்ளத்துல தேங்கும். வெயில் ஏறினாத்தான் மூடி திறக்கும். சாயங்காலம் தீயே உக்கிரமாகிப் புதுப் புகை கிளம்பும். நடுவுல கிடைக்கிற மூணு நாலு மணி நேரம்தான் பல நாள்ல நல்ல நேரம். ஆனா பழக்கத்தை நம்பாம எண்ணைப் பாத்துட்டு வெளிய போ.

இதுவரைக்கும் புகை. தீ வேற. 2024 ஜூலை 22 ராத்திரி ஜாஸ்பர் பூங்காவுலேர்ந்து சுமார் 25,000 பேரைக் கிளப்பினாங்க, ரெண்டே நாள்ல ஊருல மூணுல ஒரு பங்குக் கட்டடம் போச்சு. அத்தனை பேரும் ஒரே பக்கமா, மேற்கால போனாங்க. 2023 ஆகஸ்ட்ல கெலோனாவுல, வெளியேறின ஜனங்களுக்கு ரூம் வேணும்னு சுற்றுலா வரவங்க தங்கறதையே கொஞ்ச நாள் தடுத்தாங்க. நம்ம குரங்கணியை நினைச்சுப் பாரு, 2018 மார்ச்ல. காஞ்ச புல்லுல காத்தோட வந்த தீ மேட்டுப் பக்கம் ஓடறவங்களைவிட வேகமா ஏறும். அதனால, "தயாரா இருங்க"ன்னு எச்சரிக்கை வந்த உடனே கிளம்பிடுங்க, "வெளியேறுங்க"ங்கற உத்தரவுக்குக் காத்திருக்காதீங்க. உள்ளூர்க்காரங்களுக்கு வீடு இருக்கு, மாடு இருக்கு. உங்களுக்கு ரெண்டு பெட்டிதான். லேக் லூயிஸ்லேர்ந்து ஜாஸ்பர் வரைக்கும் 230 கிலோமீட்டர், நடுவுல ஒரே இடத்துலதான் பெட்ரோல், பெரும்பாலும் சிக்னல் கிடையாது, மாத்து வழியும் அநேகமா கிடையாது. டாங்க் பாதி ஆனா நிரப்பிடணும். 511-ல ரோட்டு நிலவரம் கேட்டுட்டு வண்டியை எடுக்கணும்.

மாஸ்க்கைப் பத்தி. பீரோவுல கொரோனா காலத்து நீல மாஸ்க் ஒரு கட்டு இருக்குன்னே. அது இதுக்கு உதவாது, கன்னத்து ஓரமா எல்லாமே உள்ள வரும். என்95 வேணும், காதுல மாட்டறது இல்ல, தலைக்குப் பின்னால ரெண்டு பட்டை போறது. பெரியவங்களுக்கு ஆளுக்குப் பத்து. போட்டுட்டு ரெண்டு கையாலயும் மூடி பலமா மூச்சு விடு. கண்ணாடி பனிச்சா மூக்குப் பக்கம் ஓட்டை, கம்பியை அழுத்து. ஈரமானாலோ, அழுக்கானாலோ, மூச்சு இழுக்கக் கஷ்டமானாலோ மாத்து. அண்ணன் தாடி இருக்கிற வரைக்கும் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. ராயபுரம் கல்யாணத்துல எடுக்காத தாடியை இப்போவாவது எடுக்கச் சொல்லு, நான் சொன்னேன்னே சொல்லு. பையன் முகத்துக்கு என்95 சரியா உக்காராது. அவனுக்கு மாஸ்க் போட்டுட்டோம்னு தைரியத்துல வெளிய கூட்டிட்டுப் போகாதீங்க. அவனுக்குப் பாதுகாப்பு உள்ள இருக்கறதுதான்.

உள்ளன்னா சுத்தமான உள்ள. கல்கரி வீடுகள்ல வீட்டைச் சூடாக்கற ஃபர்னஸோட விசிறி ஒண்ணு வீடு முழுக்கக் காத்தைச் சுத்த விடும். அதுல நுண்துகளைப் பிடிக்கிற மெர்வ் 13 தர ஃபில்டர் போட முடியுமான்னு நித்யா பாக்கட்டும், புகை நாள்ல விசிறியை ஆட்டோவுல விடாம ஓடிக்கிட்டே இருக்க வைக்கட்டும். வெளிக்காத்தை இழுக்கிற வழி இருந்தா மூடணும். பையன் தூங்கற ரூமுக்குக் காத்தைச் சுத்தம் பண்ற ஹெப்பா மெஷின் ஒண்ணு. ரூம் 12-க்கு 15 அடின்னா 180 சதுர அடி, மெஷின் எவ்வளவு காத்தைச் சுத்தம் பண்ணும்னு சொல்ற, புகைக்கான சி.ஏ.டி.ஆர் எண்ணும் 180-க்குக் குறையக் கூடாது. ஓசோன் விடற மெஷின் வேண்டவே வேண்டாம். கடையில தீந்துபோச்சுன்னா 20 அங்குல பெட்டி விசிறி ஒண்ணு, அதே அளவு மெர்வ் 13 ஃபில்டர் நாலு வாங்கி, நாலையும் சதுரமா நிறுத்தி, அடியில அட்டை வச்சு, மேல விசிறி காத்தை மேல்பக்கம் தள்ளற மாதிரி வச்சு டேப் ஒட்டினா போதும். ஃபில்டர்ல இருக்கிற அம்புக்குறி உள்பக்கம் பாக்கணும், மாத்தி வச்சிடாதீங்க. புகை வரதுக்கு முன்னாடியே வாங்கணும், வந்த அன்னிக்குக் கடையில ஒண்ணும் இருக்காது.

அந்த நாள்ல சாம்பிராணி கூடாது, சாந்தி. ஊதுபத்தியும் வேண்டாம். நான் குடுக்கிற வத்தலையும் அன்னிக்கு வறுக்காதே. ஜன்னலை மூடிட்டு உள்ள புகை போட்டா மூடினதுக்கே அர்த்தமில்ல. மலையில எடுக்கிற ரூமுக்கு ஏ.சி இருக்கான்னு முன்கூட்டியே கேட்டுக்கோ, நிறைய இடத்துல இருக்காது. வெக்கையில ஜன்னலை மூடி வச்சு வயசானவங்க மயங்கி விழறது புகையைவிட அவசரம். அப்படி ஆனா ஊரை மாத்திடுங்க. கார்ல உள்காத்து சுத்தற பட்டனைப் போடுங்க, ஆனா நீண்ட தூரம்னா அப்பப்போ ஒரு நிமிஷம் காத்து மாத்துங்க, இல்லன்னா ஓட்டறவருக்குத் தூக்கம் வரும்.

மருந்து கைப்பையில, பெட்டியில இல்ல. அண்ணனோட ரத்தம் உறையாத மாத்திரை ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது, தங்கற நாளைப்போல ஒண்ணரை மடங்கு எடுத்துக்கோ. சீட்டுல மருந்தோட வேதிப்பேரை எழுதி வாங்கு, நம்ம கம்பெனிப் பேரு அங்க புரியாது. பையனுக்கு சால்புட்டமால் இன்ஹேலர் ரெண்டு, முகமூடி வச்ச ஸ்பேசர் ஒண்ணு. ஒரு டப்பா 200 தடவைதான், எண்ணிக்கிட்டே வா. தண்ணில மிதக்க விட்டுப் பாக்கறது தப்பு. அவன் டாக்டர்கிட்ட "இப்படி இருந்தா இத்தனை தடவை"ன்னு எழுத்துல வாங்கிடு. விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள இழுத்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுசா சொல்ல முடியாம திக்கினாலோ, உதடு நீலமானாலோ 911. அண்ணனுக்கு நெஞ்சு அழுத்தி வேர்த்தாலும் அதேதான், "கேஸா இருக்கும்"னு ஓமத்தண்ணி குடுத்து உக்காராதே. சாதாரண சந்தேகத்துக்கு ஆல்பர்ட்டாவுல 811-ல நர்ஸ் பேசுவாங்க.

புகையால மலை போச்சுன்னா பையன் அழுவான். கல்கரியிலேர்ந்து ஒண்ணரை மணி நேரத்துல டிரம்ஹெல்லர்ல ராயல் டிரெல் டைனோசர் மியூசியம் இருக்கு, பூரா உள்ளயே பாக்கலாம். இப்போவே அவன்கிட்ட டைனோசரைப் பெருசா சொல்லி வை, ஏரியைச் சின்னதா சொல்லு.

கிளம்பற ஃப்ளைட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே இங்க வந்துடுங்க. மாஸ்க் ரெண்டு அளவுல வாங்கி வைக்கிறேன், அண்ணனுக்குப் போட்டு ஓட்டை பாத்துத்தான் அனுப்புவேன். தாடியோட வந்தா டோல்கேட் சலூன் இருக்கு.

உன்
அமுதா