முந்திரிக்கொத்தில் முந்திரி கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் கிறிஸ்துமஸ் இதழ் எங்கள் ஊருக்கு இரண்டு நாள் பிந்தித்தான் வந்தது. ஒரு பக்கத்தில் கொரோனாவால் பூட்டிய சர்ச் கேட்டின் படம் போட்டு 'களையிழந்த கிறிஸ்துமஸ்' என்று தலைப்பு. எதிர்ப்பக்கத்தில் பிளம் கேக் செய்முறை. இரண்டைப் பற்றியும் எனக்குச் சொல்ல இருக்கிறது. தக்கலைப் பக்கத்துக் கிராமத்துக்காரி நான். முப்பத்தோரு வருஷம் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சிவப்பு மையை எடுத்து வைத்தும் நாளாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கேக். 1883-ல் கேரளத்துத் தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் ஒரு வெள்ளைக்காரருக்காகக் கிறிஸ்துமஸ் கேக் செய்து கொடுத்தார் என்ற கதையை நாங்களும் கேட்டிருக்கிறோம். கேக்கின் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் கேக் என்பது பேக்கரியில் வாங்குகிற சாமான். வீட்டில் சட்டி ஏறுவது முந்திரிக்கொத்துக்கும் அச்சுமுறுக்குக்கும்தான். கேரளத்தில் அச்சப்பம், ஆங்கிலோ இந்தியர் வீட்டில் ரோஸ் குக்கீஸ் என்பதெல்லாம் எங்கள் அச்சுமுறுக்கின் உறவுக்காரர்கள்தான்.

முந்திரிக்கொத்து என்றதும் வெளியூர்க்காரர்கள் கொல்லாங்கொட்டையை, அதாவது முந்திரிப்பருப்பை, தேடுவார்கள். அதில் இருப்பது சிறுபயறு. பயற்றை வறுத்து, உடைத்து, தொலி புடைத்து, திரித்து, வறுத்த தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சுக்கும் சேர்த்து, வெல்லப்பாகு விட்டு உருட்டி, மும்மூன்றாக மஞ்சள் கலந்த பச்சரிசி மாவுக் கரைசலில் முக்கி எண்ணெயில் போட்டால் மூன்றும் ஒட்டிக்கொண்டு வரும். முந்திரி என்றால் இங்கே திராட்சை. கொடிமுந்திரி என்று பழைய ஆட்கள் சொல்வதும், மலையாளத்தில் இன்றைக்கும் சொல்வதும் அதைத்தான். ஆக இது திராட்சைக் குலை. எத்தனை வகுப்பில் இதை விளக்கியிருப்பேன்!

வழக்கமாக டிசம்பர் இரண்டாம் வாரத்தில் எங்கள் தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் சேர்ந்துதான் சுடுவோம். இன்று உங்கள் வீடு, நாளை எங்கள் வீடு. ஐந்து கிலோ பயறு, பேச்சு அதற்கு மேல். இந்த வருஷம் யாரையும் கூப்பிட முடியவில்லை. மாமியாருக்கு 84 வயது. 65 தாண்டியவர்கள் வீட்டோடு இருங்கள் என்று கொரோனாவுக்காக அரசாங்கமே சொல்லியிருந்தது. எங்கள் எம்.பி. வசந்தகுமார் ஆகஸ்டில் கொரோனாவில் போனதிலிருந்து, டி.வி.யில் மட்டும் இருந்த பயம் எங்கள் தெருவுக்குள்ளும் வந்துவிட்டது. மஸ்கட்டிலிருந்து மகன் 23-ந் தேதி வருவதாக இருந்தான். 22-ந் தேதியே ஓமன் ஒரு வாரத்துக்கு எல்லையை மூடிவிட்டது. மூன்று பேருக்குப் பலகாரம் எதற்கு என்று நான் சும்மா இருந்தேன். மாமியார்தான் விடவில்லை. "ஒரு கிலோவாவது போடு பிள்ளே. அடுப்பு காயாத வீட்டுல என்ன பண்டிகை?"

அந்த ஒரு கிலோவில்தான் சிக்கல். பாகு விட்ட மாவைச் சூடு ஆறுமுன் உருட்டியாக வேண்டும், ஆறினால் உதிர்ந்துவிடும். எட்டுக் கை இருந்தால் விளையாட்டு. என்னிடம் இருந்தது இரண்டு கை. மாமியாரின் விரல்கள் வாதத்தில் மடங்கிப்போனவை. வேறு வழியில்லாமல் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். முப்பத்தெட்டு வருஷத்தில் காப்பி டம்ளர் வைக்க மட்டும் அடுக்களைக்குள் வந்தவர். முதல் உருண்டை எலுமிச்சங்காய் அளவு, அடுத்தது புளியங்கொட்டை. "ஏ மக்கா, நெல்லிக்கா, நெல்லிக்கா!" என்று வாசற்படியில் உட்கார்ந்து மாமியார் அதட்ட, கை சிவக்கச் சிவக்க உருட்டினார். ஒரு கிலோவுக்கு 52 கொத்து தேறியது. அதில் ஏழெட்டு கோணல். யார் உருட்டியது என்று பார்த்தாலே தெரியும்.

மறுநாள் அச்சுமுறுக்கு. அச்சை முதலில் எண்ணெயிலேயே போட்டுக் காயவிட வேண்டும், காயாத அச்சில் மாவு பிடிக்காது. மாவில் முக்கும்போது முக்கால் பாகம்தான் இறங்க வேண்டும். நேற்றைய வெற்றியில் மிதந்தவர் அச்சை முழுசாக முக்கிவிட்டார். மாவு மேலேயும் ஏறி மூடிக்கொண்டு, முறுக்கு அச்சை விட்டுக் கழலவே இல்லை. ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்த துணுக்குகளை "இதுதான் ருசி" என்று அவரே தின்று தீர்த்தார்.

25-ந் தேதி அதிகாலை ஆராதனையை போனில் பார்த்தோம். போனை மேஜையில் சாய்த்து வைத்ததும் மாமியார் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். பாட்டுக்கெல்லாம் எழுந்து நின்றார். நடுவில் நெட் கட்டாகிப் படம் அப்படியே நின்றபோதும் உட்காரவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொடுப்பதில் எனக்குத் தயக்கம். அவர்கள் இந்துக்கள், வருஷா வருஷம் தீபாவளிக்கு அவர்கள் அதிரசமும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் கொத்தும் மதில் தாண்டும். இந்தத் தீபாவளிக்கு வந்தது கடையில் வாங்கிய, சீல் பிரிக்காத பாக்கெட். அதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது, தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. நாம் கைபட உருட்டியதைக் கொடுத்தால் சங்கடப்படுவார்களே என்று நான் யோசிக்க, "எண்ணெயில பொரிச்சதுல என்ன தீனம் (நோய்) இருக்கப் போவுது?" என்று மாமியார் ஒரே போடாகப் போட்டார். சம்படத்தில் போட்டு மதில் மேல் வைத்துவிட்டு, கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத் தள்ளி வந்துவிட்டேன். சாயங்காலம் அதே இடத்தில் சம்படம் இருந்தது. கழுவித் துடைத்து, உள்ளே ஒரு சீப்பு மட்டிப்பழம். "மாமா உருட்டினதாமே, அத்தை? கோணலா இருந்ததுதான் பிள்ளைங்களுக்குப் பிடிச்சுது" என்று அந்தப் பெண் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

இனி அந்தத் தலைப்பு. ஆசிரியர் அவர்களே, களையிழந்த கிறிஸ்துமஸ் எப்படி இருக்கும் என்று எங்கள் மாவட்டத்துக்குத் தெரியும். 2004-ல் பண்டிகைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமியாகக் கடல் உள்ளே வந்தது. அப்போது குளச்சல் பக்கம் ஒரு பள்ளியில் இருந்தேன். ஜனவரியில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டால் சில பெயர்களுக்குப் பதில் வரவில்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்கள் வருவார்களா என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் கிறிஸ்துமஸ் வரையிலும் காத்திருந்தார்கள். அந்த வருஷம் நாங்கள் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. கொரோனாவில் ஆளைப் பறிகொடுத்த வீடுகளுக்கும் இந்த டிசம்பர் அப்படித்தான் போயிருக்கும். அவர்களைப் பற்றி அந்தத் தலைப்பில் எழுதுங்கள், சரி. வீடு வீடாகப் பாடி வரும் கேரல் ரவுண்ட்ஸ் வரவில்லை, ஜவுளிக்கடையில் கூட்டமில்லை என்பதற்கெல்லாம் அந்த வார்த்தையைச் செலவழிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் சத்தம் குறைவு. களைக்கு ஒன்றும் குறைவில்லை.

அடுத்த கிறிஸ்துமஸ் இதழில் முந்திரிக்கொத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கினால், அளவோடு எழுதி அனுப்பத் தயார். மகனுக்கு ஜனவரி முதல் வாரத்தில் டிக்கெட் கிடைத்திருக்கிறது. அவனுக்கென்று பன்னிரண்டு கொத்து தனி டின்னில் எடுத்து வைத்திருந்தேன். இன்று எண்ணினேன், ஒன்பதுதான் இருக்கிறது. வீட்டுக்காரர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவே இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
தக்கலை அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.
30.12.2020