விழுற பிரேக்கர மாத்தாதீங்க அண்ணாச்சி: காம்ப்ளக்ஸ் ஓனர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி பக்கம் காம்ப்ளக்ஸ், ஜவுளிக்கடை, ஹோட்டல், லாட்ஜ்னு கட்டி நடத்துற அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் வயரிங் வேலைக்காரன். வாசலுக்கு கிரானைட் பாக்க நாலு கடை ஏறி இறங்குறீங்க, ஆனா படிக்கட்டுக்கு அடியில நிக்கிற பேனல் போர்டுக்கு மட்டும் "எவ்வளவுல முடியும்"னு ஒரே கேள்வியோட முடிச்சிர்றீங்க, அதப் பத்திதான் எழுதுறேன்.

போன சித்திரையில ஒரு துணிக்கடைக்கு கூப்பிட்டாங்க, மத்தியானம் ஆனா மேல்மாடியில லைட் மங்குதுன்னு. டிபி (கரண்ட்ட ஒவ்வொரு லைனாப் பிரிச்சு விடுற பெட்டி) மூடியக் கழட்டுனதுமே மீன் கருகுன மாதிரி ஒரு வாடை. நியூட்ரல் லிங்க்ல, அதாவது கரண்ட் திரும்பி வர்ற வயரெல்லாம் சேத்து முறுக்குற பட்டையில, ஒரு ஸ்க்ரூ கருத்துப் போய்க் கிடக்கு, வயரத் தொட்டா மேல்தோல் அப்பளமா நொறுங்குது. வயர் 2.5 ஸ்கொயர் (கம்பியோட கனம், சதுர மில்லிமீட்டர்ல), அதுக்கு மாட்டியிருந்தது 40 ஆம்ப் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறுனா தானா விழுந்து லைனக் கட் பண்ற பிரேக்கர்! விசாரிச்சா முன்ன 20 தான் இருந்துச்சாம், அதே லைன்ல ரெண்டு ஏசி சேத்ததும் அடிக்கடி விழுந்துச்சாம், "விழாத மாதிரி ஒண்ணு போடுப்பா"ன்னு சொல்லி மாத்திருக்காங்க. மேல 14 பிள்ளைங்க வேலை பாக்குது, இறங்க ஒரே படி. அன்னிக்கி ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

எம்சிபி இருக்கறது ஏசியக் காப்பாத்த இல்ல அண்ணாச்சி, செவுத்துக்குள்ள போற வயரக் காப்பாத்த. 40 ஆம்ப் எம்சிபில 45 ஆம்ப் ஓடுனாலும் ஒரு மணி நேரத்துக்கு அது விழக்கூடாது, 58 ஆம்ப் போனாத்தான் ஒரு மணி நேரத்துக்குள்ள விழணும், ஸ்டாண்டர்டே அப்படித்தான். நம்ம ஊர் வெயில்ல பைப்புக்குள்ள போற 2.5 ஸ்கொயர்ல 20 ஆம்ப்ப தாண்டவே யோசிக்கணும், அப்ப அந்த ஒரு மணி நேரமும் வேகுறது எதுன்னு நீங்களே பாருங்க.

அடுத்தது கேஏ, அதாவது ஆயிரம் ஆம்ப். இத யாருமே கேக்கறதில்ல. எம்சிபி மேல சின்னக் கட்டத்துக்குள்ள 6000 இல்ல 10000னு போட்டிருக்கும், ஷார்ட் ஆகுறப்ப எத்தன ஆம்ப் வரைக்கும் அது வெடிக்காம கட் பண்ணும்ங்கற கணக்கு அது. உங்க காம்பவுண்டுலயே 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர் நிக்குதுன்னா, இம்பிடென்ஸ் (கரண்ட்டுக்கு அதுக்குள்ளயே இருக்குற தடை) 4.5 சதவீதம்னு வச்சா, ஷார்ட் ஆகுறப்ப அதோட டெர்மினல்லயே சுமார் 15,000 ஆம்ப் வரும், கேபிள் நீளமாக நீளமாகக் குறையும். அதனால மெயின்ல 25 கேஏ எம்சிசிபி (எம்சிபியோட பெரிய வகை), உள்ள தள்ளி இருக்குற கடை டிபில 10 கேஏன்னு தூரத்தப் பாத்துப் போடணும், விலையப் பாத்து இல்ல. பிரேக்கர் மட்டும் தாங்குனாப் பத்தாது, பேனலுக்குள்ள கரண்ட்டக் கொண்டு போற பட்டையான பஸ்பாரும் அத நிறுத்தி இருக்குற சப்போர்ட்டும் தாங்கணும். பேனல் செய்யறவங்க கிட்ட பேனல் போர்டுக்கான ஐஇசி 61439 ஸ்டாண்டர்டுக்கு டெஸ்ட் ஆன டிசைனான்னு கேளுங்க, பேப்பர் காட்டலன்னா வேற ஆளப் பாருங்க. பெயின்ட் பளபளப்புல ஏமாந்துராதீங்க, தகர டப்பா யார் வேணா மடிப்பாங்க.

ஹோட்டல் வச்சிருக்கவங்களுக்கு இன்னொண்ணு. ஆளுக்கு ஷாக் அடிச்சா எம்சிபி கண்டுக்காது, அதுக்கு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் லீக் ஆனா உடனே கட் பண்ற சுவிட்ச், வேணும். கிரைண்டர் போட்டா அது விழுதுன்னு பைபாஸ் பண்ணிர்றாங்க, விழுதுன்னா எங்கயோ லீக் இருக்குன்னு அர்த்தம், ஈரத் தரையில நின்னு மாவாட்டுற பிள்ளைய நெனச்சுப் பாருங்க.

அந்தத் துணிக்கடையில கருகுன வயர எல்லாம் உருவிட்டு புதுசு போட்டு, ரெண்டு ஏசிக்கும் தனித்தனியா 4 ஸ்கொயர் லைன் இழுத்து 20 ஆம்ப் எம்சிபி போட்டேன், ஒன்றரை நாள் வேலை, கடையக்கூட அடைக்கல. நீங்களும் லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிட்டு, எந்த பிரேக்கருக்குப் பின்னால எந்த சைஸ் வயர் போகுதுன்னு எழுதி டிபி கதவுக்கு உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்க. அடுத்த சங்கக் கூட்டத்துல இத ஒரு அரை மணி நேரம் பேசுங்க. கூப்பிட்டா அந்த 40 ஆம்ப் எம்சிபியையும் நொறுங்குன வயரையும் கொண்டாந்து உங்க கையிலயே தர்றேன்.